114-லிருந்து 85-க்கு: நியூயார்க் ரேஞ்சர்ஸ் ஏன் சரிந்தது?

2024 நவம்பர் 19 அன்று வான்கூவரில் 4-3 என்று வென்றபோது, நியூயார்க் ரேஞ்சர்ஸ் ஆடியிருந்த 17 ஆட்டங்களில் 12-ல் வெற்றி. முந்தைய சீசனில் வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல்-லில் அதிகப் புள்ளிகள் எடுத்த அணியும் இதுதான். இந்த அணி பிளேஆஃப் சுற்றுக்கே போகாது என்று அன்றிரவு யாராவது சொல்லியிருந்தால், விவரம் தெரியாதவர் என்று ஒதுக்கியிருப்பார்கள்.

அடுத்த 19 ஆட்டங்களில் ரேஞ்சர்ஸ் வென்றது நான்கை மட்டும். மீதி 15-ம் தோல்வி. அந்தத் தோல்விகளில் ஒன்றுகூட கூடுதல் நேரம் வரை போகவில்லை. போயிருந்தால் ஆறுதலாக ஒரு புள்ளியாவது கிடைத்திருக்கும். புத்தாண்டு பிறந்தபோது கணக்கு 16 வெற்றி, 19 தோல்வி, கூடுதல் நேரத் தோல்வி 1. அதன் பிறகு அணி எழுந்து உட்கார்ந்ததே தவிர நிற்கவில்லை. 82 ஆட்டங்கள் முடிந்தபோது 85 புள்ளிகள். முந்தைய ஆண்டு 114. ஒரே ஆண்டில் 29 புள்ளிகள் போயின.

காயங்களால் ஒரு அணி சரிவதுண்டு. வீரர்களுக்கு வயதாகிச் சரிவதும் உண்டு. இங்கே இரண்டுமே ஓரளவு இருந்தன, ஆனால் அவற்றை மட்டும் வைத்து இந்தக் கணக்கு முடியாது. இது வெளியிலிருந்து வந்த இடி இல்லை. அணியின் தலைமை ஒரு சரியான நோயைக் கண்டுபிடித்து, அதற்குக் கொடுத்த மருந்தால் உடம்பைக் கெடுத்துக்கொண்டது என்பதே என் வாசிப்பு. அதைப் புரிந்துகொள்ள முந்தைய ஆண்டின் வெற்றியிலிருந்து தொடங்க வேண்டும்.

114 புள்ளிகளுக்குள் என்ன இருந்தது

முதலில் லீக்கின் நடைமுறை. மொத்தம் 32 அணிகள். அப்போது ஒவ்வொன்றுக்கும் 82 ஆட்டங்கள். வென்றால் 2 புள்ளி. கூடுதல் நேரத்தில் தோற்றால் 1. வழக்கமான 60 நிமிடத்துக்குள் தோற்றால் ஒன்றுமில்லை. கடைசியில் 16 அணிகள் பிளேஆஃபுக்குப் போகும். அங்கே நான்கு சுற்றுகளை வெல்லும் அணிக்கு ஸ்டான்லி கோப்பை. சீசனில் அதிகப் புள்ளி எடுத்த அணிக்குத் தனியாக பிரெசிடென்ட்ஸ் டிராஃபி உண்டு.

2023-24 சீசனில் அந்த டிராஃபியை ரேஞ்சர்ஸ் வாங்கியது. 55 வெற்றி, 114 புள்ளி. 1926-ல் தொடங்கிய அணியின் வரலாற்றில் இரண்டுமே சாதனை. பீட்டர் லாவியோலெட் பயிற்சியாளராக வந்த முதல் ஆண்டு அது. ஆர்டெமி பனாரின் 49 கோல் அடித்து, மொத்தம் 120 புள்ளிகள் சேர்த்தார் (ஹாக்கியில் கோல் அடித்தாலும் அதற்குக் கைகொடுத்தாலும் வீரருக்கு ஒரு புள்ளி). பிளேஆஃபில் வாஷிங்டனை நான்கே ஆட்டங்களில் அனுப்பி வைத்தார்கள். கரோலினாவுக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில் பின்தங்கியிருந்தபோது, கடைசியான மூன்றாம் பகுதியில் கிரிஸ் கிரைடர் தனியாளாக அடுத்தடுத்து மூன்று கோல் அடித்துத் தொடரையே முடித்தார். அதைப் பார்த்த எவருக்கும் 1994-க்குப் பிறகு கோப்பை மறுபடி மன்ஹாட்டனுக்கு வந்துவிடும் என்றே தோன்றியிருக்கும்.

கிழக்குப் பிரிவு இறுதியில் ஃபுளோரிடா பேந்தர்ஸ் அந்தக் கனவை ஆறு ஆட்டங்களில் முடித்தது. ரேஞ்சர்ஸ் வென்ற இரண்டும் கூடுதல் நேரத்தில் வந்த வெற்றிகள். ஒன்றில் பார்க்லி குட்ரோ, இன்னொன்றில் அலெக்ஸ் வென்பெர்க் கோல் அடித்தார்கள். ஆட்டம் இழுபறியாகத் தெரிந்தாலும், ஐந்துக்கு ஐந்து பேர் நின்று ஆடிய நேரத்தில் பக் (பந்துக்குப் பதிலாக ஐஸ் ஹாக்கியில் உள்ள ரப்பர் வட்டு) பெரும்பாலும் ஃபுளோரிடாவின் மட்டையில்தான் இருந்தது. ரேஞ்சர்ஸ் தன் எல்லைக்குள் மாட்டிக்கொண்டு, கோல்கீப்பரை நம்பி மூச்சுப் பிடித்தது.

அந்தத் தொடர் காட்டியது புதிய குறை இல்லை. சீசன் முழுக்க இருந்ததுதான். ரேஞ்சர்ஸின் 114 புள்ளிகளை இரண்டு தூண்கள் தாங்கின: கோல்கீப்பர் இகோர் ஷெஸ்டியோர்கின், அடுத்து பவர்பிளே.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்குப் பவர்பிளே என்றால் வேறு நினைவு வரும். ஹாக்கியில் தவறு செய்த வீரர் பொதுவாக 2 நிமிடம் தண்டனைப் பெட்டியில் உட்கார வேண்டும். அந்த 2 நிமிடமும் அவருடைய அணி ஓர் ஆள் குறைவாக ஆடும். எதிரணிக்கு அதுதான் பவர்பிளே. ரேஞ்சர்ஸ் இதற்கென்று ஐந்து பேரை வைத்திருந்தது. பின்னால் நின்று பக்கைப் பிரித்துக் கொடுக்க ஆடம் ஃபாக்ஸ். இடது வட்டத்திலிருந்து வந்த வேகத்திலேயே அடிக்க மிகா ஸிபனெஜாத். நடுவில் வின்சென்ட் ட்ரோசெக். ஓரத்தில் நின்று எதிரணியை யோசிக்க வைக்க பனாரின். கோல்கீப்பரின் முகத்துக்கு நேரே நின்று அவர் பார்வையை மறைத்து, பறந்து வரும் பக்கை மட்டையால் தட்டித் திருப்ப கிரைடர். இந்தத் தட்டிவிடும் கலையில் கிரைடருக்கு இணையானவர்கள் லீக்கிலேயே சிலர்தான். 2021-22-ல் அவர் அடித்த 52 கோல்களில் 26 பவர்பிளேயில் வந்தவை.

2023-24-ல் ரேஞ்சர்ஸின் பவர்பிளே வெற்றி விகிதம் 26.4 சதவீதம், லீக்கில் மூன்றாம் இடம். அடுத்த ஆண்டு அது 17.6 சதவீதம், 28-ஆம் இடம். சீசனில் 200 வாய்ப்பு கிடைப்பதாக வைத்துக்கொண்டால், இந்த இறக்கத்தின் விலை 17 அல்லது 18 கோல்கள். ஒரு கோல் வித்தியாசத்தில் பல ஆட்டங்கள் முடியும் விளையாட்டில் அது சில வெற்றிகளையே விழுங்கிவிடும். இத்தனைக்கும் ஆட்கள் அதே ஐந்து பேர். எதிரணிகள் நான்கைந்து ஆண்டுகளாக அதே அமைப்பைப் பார்த்துப் பழகிவிட்டன. ஸிபனெஜாத் எங்கே நிற்பார், பக் எந்த வழியாக வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். கிரைடரின் முதுகும் கையும் அந்த ஆண்டு அவரைப் படுத்தின. வலை முன்னால் நின்று இடி வாங்குவதே வேலையாக உள்ளவருக்கு முதுகு போனால் எல்லாமே போன மாதிரி. 39 கோல் அடித்திருந்தவர் 22-க்கு இறங்கினார்.

கோல்கீப்பரின் கதை இன்னும் நுட்பமானது. ஷெஸ்டியோர்கின் 2021-22-ல் தன்னை நோக்கி வந்த ஷாட்களில் 93.5 சதவீதத்தைத் தடுத்து, லீக்கின் சிறந்த கோல்கீப்பருக்கான வெஸினா விருதை வாங்கினார். 2023-24-ல் 91.3. சரிந்த ஆண்டில் 90.5. பார்க்கச் சின்ன வித்தியாசம். ஆனால் ஓர் ஆட்டத்துக்கு 30 ஷாட் என்று வைத்தால், 93.5 சதவீதம் தடுப்பவர் சராசரியாக இரண்டு கோல் விடுவார், 90.5 தடுப்பவர் ஏறக்குறைய மூன்று. அந்த ஒரு கோலில்தான் ரேஞ்சர்ஸின் வாழ்வு இருந்தது.

அதற்காக அவர்மேல் பழி போடுவது அநியாயம் என்றே நினைக்கிறேன். அந்த ஆண்டு அவர் முன்னால் நடந்த ஆட்டத்தைப் பாருங்கள். பக்கை இழந்ததும் முன்வரிசை வீரர்கள் திரும்பி ஓடி வரவேண்டும். ரேஞ்சர்ஸில் அந்த ஓட்டம் நின்றுபோனது. இரண்டு பேர் தாக்க வருவார்கள், தடுக்க ஒரே ஆள் நிற்பார். வலைக்கு மிக அருகிலிருந்து, தடையில்லாமல், நேருக்கு நேர் வரும் ஷாட்களே திரும்பத் திரும்ப வந்தன. அப்படிப்பட்ட ஷாட்களை வாரக்கணக்கில் வாங்கிக்கொண்டு 90.5-ல் நிற்பதே பெரிய காரியம். அவருடைய கணக்கு 27 வெற்றி, 29 தோல்வி, கூடுதல் நேரத் தோல்வி 5. தோல்விகள் வெற்றிகளை முந்திய ஆண்டு அது.

சீசனின் தொடக்கத்திலேயே இந்த விரிசல் தெரிந்தது. முதல் ஆட்டத்தில் பிட்ஸ்பர்கை 6-0 என்று அடித்தார்கள், மாண்ட்ரியாலை 7-2 என்று. அதே தொடக்க வாரங்களில் பஃபலோவிடம் 1-6, வின்னிபெக்கிடம் 3-6 என்று தோற்றதும் உண்டு. 12 வெற்றிகள் இருந்ததால் அந்த அடிகளை யாரும் எண்ணவில்லை.

பாதிப் பணம் ஐந்து பேரிடம்

அணியின் தலைவரும் பொது மேலாளருமான கிரிஸ் ட்ரூரி இதையெல்லாம் பார்க்காதவர் இல்லை. ஃபுளோரிடா தொடர் முடிந்ததுமே அவருக்கு ஒன்று தெளிவாகியிருக்க வேண்டும்: இந்தக் கூட்டத்தின் மையம் இதற்கு மேல் போகாது. 2022-ல் டாம்பாவிடம், 2024-ல் ஃபுளோரிடாவிடம் என்று இரண்டு முறை கோப்பைக்கான இறுதித் தொடருக்கு ஒரு படி முன்னால் நின்றுபோன கூட்டம் அது. நடுவில் 2023-ல் நியூ ஜெர்ஸியிடம் முதல் சுற்றிலேயே தோல்வி.

மாற்ற வேண்டும் என்றால் இடம் வேண்டும். என்எச்எல்-லில் ஓர் அணி வீரர்களுக்குக் கொடுக்கும் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. உரிமையாளர் எவ்வளவு பெரிய பணக்காரராக இருந்தாலும் அதைத் தாண்ட முடியாது. 2024-25-க்கு அது 8 கோடியே 80 லட்சம் டாலர். ரேஞ்சர்ஸில் பனாரின் கணக்கில் சுமார் 1 கோடியே 16 லட்சம், ஃபாக்ஸுக்கு 95 லட்சம், ஸிபனெஜாத்துக்கு 85, கேப்டன் ஜேக்கப் ட்ரூபாவுக்கு 80, கிரைடருக்கு 65. கூட்டினால் 4 கோடியே 41 லட்சம். ஐந்து பேர், பாதிப் பணம். ஷெஸ்டியோர்கினின் புதிய ஒப்பந்தம் வேறு வாசலில் நின்றது.

இவர்களில் பலரின் ஒப்பந்தத்தில் பாதுகாப்புப் பிரிவுகள் இருந்தன. அதில் இரண்டு வகையைப் பிரித்துப் பார்த்தால்தான் அடுத்து நடந்தது புரியும். முதல் வகை, 'என்னை எங்கும் நகர்த்தக் கூடாது' என்பது. இரண்டாவது, 'இந்த இந்த அணிகளுக்கு என்னை விற்கக் கூடாது' என்று வீரர் ஒரு பட்டியல் கொடுப்பது. இரண்டாவதில் ஓர் ஓட்டை இருக்கிறது. விற்கத்தானே கூடாது? 'வேவர்' என்ற ஏற்பாட்டில் வீரரைப் பொதுவில் வைத்துவிட்டால், வேறு எந்த அணியும் 24 மணி நேரத்தில் அவரைச் சும்மா எடுத்துக்கொள்ளலாம். பட்டியல் அங்கே செல்லாது. முந்தைய சீசனில் கடைசியில் வந்த அணிக்கே முதல் உரிமை.

2024 ஜூனில் ட்ரூரி அந்த ஓட்டையைப் பயன்படுத்தினார். குட்ரோவை வேவரில் வைத்தார். லீக்கிலேயே கடைசியில் இருந்த சான் ஹோசே ஷார்க்ஸ் எடுத்துக்கொண்டது. குட்ரோ பெரிய நட்சத்திரம் இல்லை. கடைசி வரிசையான நான்காம் வரிசையில் ஆடுபவர், ஷாட்களுக்கு உடம்பைக் கொடுப்பவர், டாம்பாவோடு இரண்டு கோப்பை வென்றவர். சில வாரங்களுக்கு முன்புதான் பிளேஆஃபில் 6 கோல் அடித்திருந்தார். அவருடைய ஆண்டுக்கு 36 லட்சம் டாலர் ஒப்பந்தம் ஒரு நான்காம் வரிசை ஆளுக்கு அதிகம்தான். கணக்கு என்ற அளவில் ட்ரூரி செய்ததில் தவறே இல்லை. ஆனால் உடைமாற்றும் அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் கணக்கைப் பார்ப்பதில்லை. விரும்பாத இடத்துக்கு அனுப்பக் கூடாது என்று எழுதி வாங்கியிருந்த ஒருவரை, எழுத்தை மீறாமலேயே எப்படி அனுப்பலாம் என்பதை அவர்கள் பார்த்தார்கள். அணிக்குள் அது கசப்பை உண்டாக்கியதாக அப்போதே பரவலாகப் பேசப்பட்டது.

அடுத்த இலக்கு கேப்டன். கோடையிலேயே ட்ரூபாவை வேறு அணிக்கு அனுப்ப முயற்சி நடந்தது, செய்தி வெளியே வந்தது, வியாபாரம் படியவில்லை. அக்டோபரில் அதே மனிதர் நெஞ்சில் கேப்டனின் 'சி' எழுத்தோடு பனிக்களத்தில் இறங்கினார். நிர்வாகத்துக்குத் தான் வேண்டாதவன் என்று அவருக்குத் தெரியும். சக வீரர்களுக்கும் தெரியும். இதை வைத்துக்கொண்டு 12 வெற்றி, 4 தோல்வி, கூடுதல் நேரத் தோல்வி 1 என்று தொடங்கியதே ஆச்சரியம்.

குறிப்பு

நவம்பர் 21-ல் கால்கரியிடம் 2-3. அடுத்து எட்மண்டனிடம் 2-6. இரண்டே தோல்விகள். அதற்குப் பிறகான நாள்களில் ஒரு செய்தி பரவியது: ட்ரூரி மற்ற அணிகளின் பொது மேலாளர்களுக்கு ஒரு குறிப்பு அனுப்பியிருக்கிறார்; அணியை உலுக்கத் தயார், வீரர்களை மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்; அதில் ட்ரூபா, கிரைடர் என்ற இரண்டு பெயர்களும் இருக்கின்றன.

ஒருவர் அப்போதைய கேப்டன். இன்னொருவர் அதுவரை ரேஞ்சர்ஸைத் தவிர வேறு அணிக்கு ஒரு நிமிடம்கூட ஆடாதவர். 2012 பிளேஆஃபில், பாஸ்டன் கல்லூரியிலிருந்து நேராக வந்து இறங்கியவர். அணி வரலாற்றில் அவரைவிட அதிக கோல் அடித்தவர்கள் ராட் ஜில்பெர்ட்டும் ஜான் ரடெலும் மட்டுமே.

இங்கே ஒரு நியாயமான கேள்வி உண்டு. தோல்வி முதலில் வந்ததா, குறிப்பு முதலில் வந்ததா? தோல்விதான். குறிப்பு வெளியே வரும் முன்பே அணி தடுமாறத் தொடங்கியிருந்தது. அடியில் இருந்த நோய், அதாவது மெதுவான கால்கள், திரும்பி ஓடாத முன்வரிசை, ஐந்துக்கு ஐந்தில் பலவீனம் எல்லாம், குறிப்பு வராமலிருந்தாலும் டிசம்பரில் வெளியே தெரிந்திருக்கும். 114 புள்ளியை மறுபடி எடுக்கும் அணி இது இல்லை. ஆனால் 91 புள்ளி எடுக்கக்கூடிய அணிதான். மாண்ட்ரியால் அந்த 91-ஐ வைத்துக்கொண்டு கிழக்கின் கடைசி பிளேஆஃப் இடத்தைப் பிடித்தது. ரேஞ்சர்ஸுக்கு அதற்கு ஆறு புள்ளிகள் போதவில்லை. 19-ல் 15 தோல்வி என்பதை 19-ல் 11 தோல்வி என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள். அந்த ஆறும் அதற்கு மேலும் வந்துவிடும். இரண்டு தோல்வியில் நின்றிருக்க வேண்டிய சறுக்கல் ஆறு வாரம் ஓடியதற்குக் குறிப்பும் அது கசிந்த விதமுமே காரணம் என்று நம்புகிறேன்.

ஏனென்றால் ஹாக்கி அப்படிப்பட்ட ஆட்டம். ஒரு வீரர் களத்தில் ஒரு முறைக்கு முக்கால் நிமிடம்தான் நிற்பார். அந்த முக்கால் நிமிடத்தில் மூச்சு முட்ட ஓடி, தன் கோலைக் காக்கத் திரும்பி வரவேண்டும். மணிக்கு 140, 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரப்பர் துண்டின் முன்னால் கணுக்காலை வைக்க வேண்டும். இதைப் புள்ளிவிவரத்துக்காக யாரும் செய்வதில்லை. பக்கத்தில் உட்காருபவனுக்காகச் செய்கிறார்கள். அடுத்த வாரம் பக்கத்தில் யார் இருப்பார், நானே இருப்பேனா என்று தெரியாதபோது, அந்தக் கடைசி அரை மீட்டர் ஓட்டம் முதலில் குறைகிறது. டிசம்பர் மாத ரேஞ்சர்ஸில் கண்ணுக்குத் தெரிந்தது அதுதான்.

டிசம்பர் 6-ல் ட்ரூபா போனார். அனஹைமுக்கு மாறச் சம்மதி, இல்லாவிட்டால் வேவர் என்பதே அவர் முன் வைக்கப்பட்ட தேர்வு. குட்ரோவுக்கு நடந்ததை அறிந்தவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. பதிலுக்கு வந்தவர் தடுப்பாட்டக்காரர் உர்ஹோ வாக்கனைனன், கூடவே நான்காம் சுற்றுத் தேர்வு உரிமை (புதிய இளம் வீரர்களை அணிகள் தேர்வு செய்யும்போது ஒருவரை எடுக்கும் வாய்ப்பு) ஒன்று. அதே நேரத்தில்தான் ஷெஸ்டியோர்கின் எட்டு ஆண்டுக்கு 9 கோடியே 20 லட்சம் டாலர் ஒப்பந்தத்துக்குச் சம்மதித்த செய்தியும் வந்தது. லீக் வரலாற்றில் கோல்கீப்பர் ஒருவருக்கு ஆண்டுக்கு இத்தனை பெரிய தொகை அதற்கு முன் கிடைத்ததில்லை. கொண்டாட வேண்டிய நாள், கேப்டன் பையைக் கட்டிய நாளாகப் போனது.

புதிய கேப்டனை நியமிக்கவில்லை. சீசன் முடியும் வரை அந்த 'சி' எவர் நெஞ்சிலும் ஏறவில்லை.

பின்பு காபோ காக்கோ. 2019-ல் இரண்டாவது ஆளாகத் தேர்வான ஃபின்லாந்து இளைஞர், இந்த அணியின் எதிர்காலம் என்று சொல்லப்பட்டவர். ஒரு நாள் ஆடவிடாமல் வெளியே உட்கார வைத்தார்கள். இளைஞர்களை உட்கார வைப்பது சுலபம் என்ற பொருளில் அவர் வெளிப்படையாகவே வருத்தத்தைச் சொன்னார். டிசம்பர் 18-ல் சியாட்டிலுக்கு மாற்றப்பட்டார். ஐந்து நாள் கழித்து, நியூ ஜெர்ஸிக்கு எதிரான ஆட்டத்தில் கிரைடரும் வெளியே உட்கார்ந்தார். அன்று 0-5 தோல்வி.

ஜனவரியும் அதற்குப் பிறகும்

ஜனவரியில் பத்து ஆட்டம் தொடர்ந்து புள்ளி எடுத்தார்கள், ஏழு வெற்றி, மூன்று கூடுதல் நேரத் தோல்வி. அந்த மாத இறுதியில் வான்கூவரிலிருந்து ஜே.டி. மில்லர் வந்தார், ஃபிலிப் ஹிட்டிலும் இளம் தடுப்பாட்டக்காரர் விக்டர் மன்சினியும் ஒரு முதல் சுற்றுத் தேர்வு உரிமையும் விலையாக. ரேஞ்சர்ஸ் 2011-ல் தேர்வு செய்து பின்னர் இழந்த வீரர்தான் மில்லர். கோபமும் உழைப்பும் கலந்தவர்; அணிக்கு அந்த இரண்டும் வேண்டியிருந்தது. மார்ச்சில் ரயன் லிண்ட்கிரன் கொலராடோவுக்கும் ரீலி ஸ்மித் வேகாஸுக்கும் போனார்கள். ஃபாக்ஸ் காயத்தில் சில வாரம் இல்லை. ஒரு நாள் வென்றால் மறுநாள் தோற்பது என்றே வசந்தம் வரை ஓடியது.

ஏப்ரல் 12-ல் கரோலினாவின் ஊரிலேயே அந்த அணியிடம் 3-7. ஒரு வருடத்துக்கு முன் கிரைடர் தனியாளாக வீட்டுக்கு அனுப்பிய அதே கரோலினா. அத்துடன் கணக்கிலும் கதை முடிந்தது.

அந்த ஆண்டில் எனக்கு மிகவும் வலித்த ஒன்று அட்டவணையில் இல்லை. ரேஞ்சர்ஸ் ஆட்டங்களை நாற்பது ஆண்டுகள் தொலைக்காட்சியில் வர்ணித்த சாம் ரோசனுக்கு அதுதான் கடைசிச் சீசன். 1994-ல் கோப்பை வென்ற இரவை நியூயார்க் இன்றும் அவர் குரலில்தான் நினைவு வைத்திருக்கிறது. கோப்பைக்கு மிக அருகில் நிற்பதாகத் தோன்றிய அணியோடு விடைபெறும் ஆண்டாக அது தொடங்கியது. பிளேஆஃபில் ஓர் இரவுகூட இல்லாமல் முடிந்தது.

நான்கு முறை மட்டும்

பிரெசிடென்ட்ஸ் டிராஃபி 1985-86-ல் தொடங்கியது. அதை வென்ற அணி அடுத்த சீசனில் பிளேஆஃபுக்கே வராமல் போனது 2024-25 வரை நான்கு முறைதான். 1992-93 ரேஞ்சர்ஸ், 2007-08 பஃபலோ, 2014-15 பாஸ்டன், 2024-25 ரேஞ்சர்ஸ்.

முதல் நிகழ்வும் இதே அணி என்பதால் அதையும் கொஞ்சம் பார்க்கலாம். 1991-92-ல் 105 புள்ளி, அடுத்த ஆண்டு 79. அந்தச் சரிவிலும் உள்வீட்டுச் சண்டை இருந்தது. கேப்டன் மார்க் மெஸ்ஸியருக்கும் பயிற்சியாளர் ராஜர் நீல்சனுக்கும் ஒத்துப்போகவில்லை. 1993 ஜனவரியில் நீல்சன் நீக்கப்பட்டார். முதன்மைத் தடுப்பாட்டக்காரர் பிரையன் லீச், மார்ச்சில் டாக்சியிலிருந்து இறங்கும்போது பனியில் வழுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டார். ஆனால் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. அன்று நிர்வாகம் கேப்டனோடு நின்றது. அடுத்த சீசனில் மைக் கீனன் பயிற்சியாளராக வந்தார், மெஸ்ஸியரைச் சுற்றியே அணி கட்டப்பட்டது, 54 ஆண்டுகளுக்குப் பிறகு கோப்பை வந்தது.

பஃபலோவின் கதைதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. 2006-07-ல் அந்த அணி 113 புள்ளிகளோடு முதலிடம் பிடித்தது. அதற்கு இரண்டு இணைக் கேப்டன்கள். 2007 ஜூலை 1 அன்று, ஒப்பந்தம் முடிந்த இருவரும் ஒரே நாளில் வேறு அணிகளுக்குப் போனார்கள். தலைமை போன பஃபலோ அடுத்த சீசனில் பிளேஆஃபைத் தவறவிட்டது. ஒருவர் டேனியல் பிரியர், ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனார். இன்னொருவர் ரேஞ்சர்ஸுக்கு வந்து, அடுத்த ஆண்டே அங்கேயும் கேப்டன் ஆனார். அவர் பெயர் கிரிஸ் ட்ரூரி.

கேப்டன் போனால் ஓர் அறையில் என்ன காலியாகும் என்பது அவருக்குப் பிறர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒப்பந்தம் சுமையாகும்போது அணி என்ன செய்யும் என்பதும் தெரியும்: 2011-ல், கேப்டனாக இருந்தபோதே, ரேஞ்சர்ஸ் மீதித் தொகையில் ஒரு பகுதியைக் கொடுத்து அவரையே விடுவித்தது. அத்துடன் அவர் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். ஒருவேளை அதனால்தான் அவருக்கு இது இயல்பாகத் தெரிந்ததோ என்னவோ. தனக்கு நடந்ததைத் தாங்கிக்கொண்டவர், மற்றவர்களும் தாங்குவார்கள் என்று நினைத்திருக்கலாம்.

அவருடைய கணிப்பில் தவறில்லை என்பதை மறுபடி சொல்ல வேண்டும். மையத்தை மாற்ற வேண்டியிருந்தது. ட்ரூபாவின் 80 லட்சம் டாலர் ஒப்பந்தம் சுமைதான். கிரைடரின் உடம்பு தளர்ந்ததும் உண்மைதான். இதையெல்லாம் 2024 ஜூலையிலேயே, சம்பந்தப்பட்டவர்களை உட்கார வைத்துப் பேசி, முடித்திருந்தால் முடித்துவிட்டு, முடியாததை ஒரு வருடம் அமைதியாகப் பொறுத்திருந்தால், இந்த அணி 95 புள்ளியோடு ஏப்ரலில் ஆடிக்கொண்டிருந்திருக்கும் என்று எண்ணுகிறேன். பாதி செய்து பாதியில் நின்றது, பிறகு ஊருக்கே தெரியும்படி சீசன் நடுவில் மறுபடி தொடங்கியது என்பதுதான் தாங்க முடியாமல் போனது.

ஏப்ரல் 19-ல் லாவியோலெட் நீக்கப்பட்டார். முந்தைய ஆண்டு அணி வரலாற்றின் சிறந்த சீசனைக் கொடுத்தவர். அணி திரும்பி ஓடாததற்கு அவருக்கும் பொறுப்பு உண்டு. பல மாதமாக ஒரே தவறு நடந்தும் அவர் திருத்தவில்லை. அடுத்த சில நாள்களில் ட்ரூரிக்குப் பல ஆண்டு ஒப்பந்த நீட்டிப்பு அறிவிக்கப்பட்டது. மே 2-ல் புதிய பயிற்சியாளராக மைக் சல்லிவன் வந்தார். பிட்ஸ்பர்கோடு 2016, 2017-ல் கோப்பை வென்றவர். பிப்ரவரியில் நான்கு நாடுகள் போட்டியில் அமெரிக்க அணியை நடத்தியவர். அந்த அணியில் ஃபாக்ஸ், ட்ரோசெக், மில்லர், கிரைடர் நால்வரும் இருந்தார்கள்.

ஆனால் நியூயார்க்கில் சல்லிவனுக்குக் கீழ் ஆட கிரைடர் இருக்கவில்லை. ஜூன் 12-ல் அவரும் அனஹைமுக்கு மாற்றப்பட்டார். 883 ஆட்டங்கள், 326 கோல்கள். நவம்பர் குறிப்பில் இருந்த இரண்டு பெயர்களும் ஒரே உடைமாற்றும் அறையில் மறுபடி சேர்ந்தன, ரேஞ்சர்ஸின் சொந்தக் களமான மேடிசன் ஸ்கொயர் கார்டனிலிருந்து ஒரு கண்டம் தள்ளி, பசிபிக் கரையோரம்.